ட்ராம் நிறுத்தத்தில் பவளக்கொடி

லண்டனில் மிச்சம் என்ற ஊரின் ட்ராம் நிறுத்தத்தில் தவமலரின் தாய் நின்றுகொண்டிருந்தாள்.

சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். தாய் செத்து ஐம்பது வருடம் ஆகப்போகிறது. செத்த ஊருக்கும் இந்த மேடைக்கும் நடுவில் எத்தனையோ கடல் கிடக்கிறது. ஆனாலும் அந்த ஐப்பசி விடியலில், பனிப்புகார் இன்னும் தரையை விட்டு எழும்பாத நேரத்தில், தலையில் துண்டு கட்டி, முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பியபடி அவள் அங்கே நின்றாள். ட்ராமை ஓட்டி வந்தது தவமலர். கதவைத் திறந்தாள். சனம் ஏறியது. ஏறி முடிந்த பிறகும் கதவு கொஞ்ச நேரம் திறந்தபடியே கிடந்தது. தாய் ஏறவில்லை.

தவமலரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வயது ஐம்பத்து மூன்று. மிச்சத்தில் வீடு, கணவர், பல்கலைக்கழகம் போகும் ஒரு மகள். லண்டனுக்கு வந்த புதிதில் பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தாள், பிறகு பஸ் ஓட்டினாள், கடைசியில் ட்ராமுக்கு வந்து சேர்ந்தாள். "றெயிலும் இல்லாத, பஸ்சும் இல்லாத ஒண்டை ஓட்டுறாள்" என்று சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். பஸ்சில் சுக்கானோடு மல்லுக்கட்ட வேண்டும், ட்ராமில் சுக்கானே கிடையாது. தண்டவாளம் கூட்டிக்கொண்டு போகும், வேகத்தை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். ஓடும்போது தவமலர் கண்ணை இமைக்க மாட்டாள், அதில் அவள் கெட்டி. ட்ராம் நின்றுவிட்டால் மனம் இறங்கி எங்கேயாவது நடக்கத் தொடங்கிவிடும். மிச்சம் திடலின் பிர்ச் மரங்களுக்குள், புகாருக்குள், ஆளில்லாத பாதைகளுக்குள் அது பாட்டுக்குப் போய் வரும்.

தாயை அவளுக்கு நினைவில்லை. தம்பி பவித்திரனைப் பெற்ற கையோடு காய்ச்சல் கண்டு பவளக்கொடி போய்விட்டாள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது, தவமலருக்கு மூன்று. மிஞ்சியது ஒரு படம். தலைத்துண்டு, அகன்ற நெற்றி, வட்டமான பொட்டு, எங்கேயோ தூரத்தைப் பார்த்து மெல்லச் சிரிக்கத் தயாராகும் வாய். அசல் படம் மனோர் பார்க்கில் தம்பி வீட்டுச் சுவரில் இருக்கிறது, தகப்பன் கார்த்திகேசு அங்கேதான் இருக்கிறார். அதன் பெரிய பிரதி ஒன்று தவமலர் வீட்டு வரவேற்பறையில். சோதனைக்குப் போகும்போதும், கலியாணத்துக்கு வெளிக்கிடும்போதும், மகள் பிறந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றும் அந்த முகத்துக்கு முன்னால்தான் நின்றாள். ஒரு பிள்ளைக்குத் தாயிடம் சொல்ல இருப்பதையெல்லாம் அந்தப் படத்திடம் சொல்லியிருக்கிறாள். அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாத ஓரிடம் கிடையாது.

ஆகவே நிறுத்தத்தில் நின்றது தாய்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் நெஞ்சில் குத்தியது. நெற்றியில் பொட்டைக் காணவில்லை.

கதவை மூடி வண்டியை எடுத்தாள். பெல்கிரேவ் வோக்கில் மறுபடி தாய். பிப்ஸ் பிரிட்ஜில் மறுபடி. அதற்குள் புகார் கொஞ்சம் விலகிவிட்டதால் அது கண்ணாடிச் சட்டத்துக்குள், மேலே தோள்வரை படமும் கீழே எழுத்துமாக ஒட்டிய ஆளுயரச் சுவரொட்டி என்பது தெரிந்தது. தெரிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. விம்பிள்டனில் ஓய்வு கிடைத்த உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய் பவித்திரன், உனக்கென்ன விசரோ?"

"என்னக்கா, விடியக் காலமை?"

"அம்மாவைக் கொண்டுவந்து ட்ராம் ஸ்டொப் எல்லாம் ஒட்டி வைச்சிருக்கிறியே! என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனியோ? பொட்டையும் அழிச்சுப்போட்டு ஒட்டியிருக்கிறாய், அறிவிருக்கோடா?"

அவள் அப்படி நினைத்ததில் பிழை சொல்ல முடியாது. பவித்திரன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் அச்சுக்கடை வைத்திருப்பவன். கலியாண அட்டை, சாமத்திய வீட்டுப் பானர், நினைவு மலர் எல்லாம் அவன் கையால் போகும். அச்சு மெசின் சொந்தமாக உள்ள மனிதனுக்குக் காணும் இடமெல்லாம் சுவராகத்தான் தெரியும். வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாயின் ஐம்பதாவது ஆண்டுத் திவசம். அதற்கென்று மண்டபம் எடுத்து, தாயின் முகத்தை ஒரு கட்டிலளவுக்குப் பெரிதாக்கி, கீழே நாலு வரியில் கண்ணீர் வடித்து, பானரை ஏற்கெனவே அடித்து முடித்திருந்தான். அந்தத் தலைகால் தெரியாத உற்சாகத்தில் ட்ராம் நிறுத்தங்களையும் பிடித்துவிட்டான் என்றுதான் அக்கா நினைத்தாள்.

"அக்கா, நான் ஒட்டேல்லை. சத்தியமா ஒட்டேல்லை. ட்ராம் ஸ்டொப்பிலை ஒட்ட என்னை ஆர் விடுவினம்? நீ நித்திரை முழிச்சு ஷிப்ட் செய்யிறாய் போலை, ஒரு தேத்தண்ணியைக் குடி."

ஷிப்ட் முடிந்து திரும்பி வந்து, மிச்சம் மேடையில் பயணியாக இறங்கி, தவமலர் அந்தச் சுவரொட்டியை எழுத்துக்கூட்டி வாசித்தாள். சோவியத் காலத்து யதார்த்த ஓவியங்கள், சிற்பங்கள். தேம்ஸ் கரையிலுள்ள ஒரு காட்சிக்கூடத்தின் பெயர். ஒரு மூலையில் பொடி எழுத்தில்: புகையிலை கோர்க்கும் பெண், மோல்டாவியா, 1958.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டில் பவளக்கொடிக்கு ஏழு வயது. தவமலர் அந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள், பிறகு ஏனோ அதை நம்பாமல் விட்டுவிட்டாள். புகையிலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அம்மா புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தவள்தானே? அந்தத் துண்டு அதற்குக் கட்டியதுதானே? ஏதோ ஒரு வழியில், பெரியவர்கள் யாரும் தனக்குச் சொல்லாத ஒரு வழியில், அம்மா அங்கே போயிருக்கலாம். நல்ல நித்திரையில் இருக்கும்போது இப்படியான கணக்குகள் சரிவரும். தவமலருக்கு அந்தக் கிழமை பட்டப்பகலில் சரிவந்தது.

அந்தக் கிழமை முழுக்க அவள் தாய்க்கு முன்னால் போய்ப் போய் வந்தாள். மழையில் தாய் நின்றாள். வெயிலில் நின்றாள். பள்ளிப் பிள்ளைகள் அவள்மேல் சாய்ந்து சிப்ஸ் தின்றார்கள். ட்ராம் மெல்ல வந்து நிற்கும்போது அந்த முகம் கண்ணாடி ஓரமாக மிதந்து வந்து, சரியாகத் தவமலரின் தோளுயரத்தில் தரிக்கும். புறப்படும்போது, "வாறன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் எந்தக் கழிசடையோ கண்ணாடிமேல் தாய்க்கு மீசை கீறி வைத்திருந்தது. ஓய்வு நேரத்தில் போய், கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து, கொடுப்புப் பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் துடைத்தெடுத்தாள். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவளைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு என்ன, தாயின் முகத்தைத் துடைத்துவிட்டதில் சந்தோசமாக இருந்தது.

லீவு நாள் வந்ததும் தனியாகப் புறப்பட்டாள். பல் வைத்தியரிடம் பல்லைக் காட்டப் போவதாகக் கணவரிடம் சொன்னாள். எதற்குப் பொய் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

காட்சிக்கூடத்தின் முதல் அறை முழுக்கச் சிலைகள். சுத்தியல் தூக்கிய கொல்லன், கோதுமைக் கட்டைத் தோளில் சுமந்த பெண், வாளியோடு குனிந்த பால்காரி. கைகளெல்லாம் பெரிது பெரிதாக, கழுத்தெல்லாம் நிமிர்ந்து, ஒருவரும் தங்கள் காலடியைப் பார்க்காமல் சுவருக்கு அப்பால் ஏதோ நல்லது வருகிறதென்று பார்த்தபடி நின்றார்கள். அவர்கள் நடுவே நடக்கும்போது தவமலருக்குத் தான் சின்னதாகிப்போன மாதிரி இருந்தது. அடுத்த அறைதான் ஓவியங்கள். வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

உருக்கு உலைக்கு முன்னால் நிற்கும் தொழிலாளியை அவளுக்குத் தெரியும். அவன் கணக்குக் கொப்பி! உழவு யந்திரத்தில் இருந்து கையசைக்கும் பெட்டை சமயபாடம். மண்வாரி யந்திரமும் அணைக்கட்டும் விஞ்ஞானம், இரண்டாம் தவணை.

கார்த்திகேசு அந்தக் காலத்தில் கட்சி ஆள். சோவியத்தில் இருந்து வரும் வழுவழுப்பான தமிழ்ச் சஞ்சிகை மாதா மாதம் வீட்டுக்கு வரும். பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட அதைவிட நல்ல கடதாசி அந்த நாளில் கிடைக்காது. பட்டணத்துப் பிள்ளைகள் வாங்கின உறை போட்டு வர, கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்குத் தவமலர் இந்த ஆட்களைத்தான் கையில் அடுக்கிக்கொண்டு போனாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு அத்தனை பேரும் தங்கச் சட்டம் போட்டு, வெளிச்சம் போட்டு, ஆள் வைத்துக் காவல் காக்க, சுவரில் தொங்குகிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டு திரும்பினாள். எதிர்ச் சுவரில் அம்மா.

வீட்டுப் படத்தில் தாய்க்குத் தோளோடு முடிந்துவிடும். இங்கே தாய்க்கு உடம்பு இருந்தது. வெள்ளை வெளேரென்ற சட்டை, முட்டிவரை மடித்த பாவாடை, புழுதியில் ஊன்றிய வெறுங்கால். மடி நிறையப் புகையிலை. ஒரு கையில் ஊசி, மறுகையில் இலை. அந்தக் கைகளைத் தவமலர் அன்றுதான் கண்டாள். நீளமான, வலுவான விரல்கள். அந்தக் கை ஒருநாள் தன் தலையைத் தடவியிருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கத்தை விட்டு அழுதாள்.

அழுது முடித்துப் பார்த்தால், படத்துக்குப் பக்கத்தில் சின்னத் திரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தலைத்துண்டு கட்டிய ஒரு கிழவி, வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து கதைக்கிறாள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து. பெயர் பரஸ்கோவியா. இந்த ஓவியத்துக்கு மாதிரியாக இருந்தவள். வயது எண்பத்தொன்பது. போன வருடம் எடுத்த காணொளி.

தவமலர் திரைக்கு எதிரே கிடந்த வாங்குப் பலகையில் இருந்துவிட்டாள்.

அதே நெற்றி, அதே மூக்கு. கன்னம் வற்றி, முகம் முழுக்கச் சுருக்கம் விழுந்து, அந்த வாய் பொக்கையாகியிருந்தது. "வெள்ளைச் சட்டை அந்த ஓவியன் பட்டணத்தில் இருந்து கொண்டுவந்தது" என்றாள் கிழவி. "புகையிலைப் பிசின் பட்டால் கை கரி மாதிரிக் கறுத்து ஒட்டும். யார் வெள்ளை உடுத்துக்கொண்டு கோர்ப்பார்கள்? கையைத் துப்புரவாக வரைந்துவிட்டான். காலில் புண் இருந்தது, அதையும் விட்டுவிட்டான். 'இனி வரப்போகிற வாழ்க்கையில் உனக்குப் புண் இருக்காது, அதனால் நான் வரையவில்லை' என்றான்." சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் எறிந்து, வாயை அகலத் திறந்து கிழவி சிரித்தாள். பிறகு காணொளி முதலில் இருந்து தொடங்கியது.

தவமலர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். மண்டைக்குள் ஒரு மூலையில் எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டில் தொங்குவது இந்த மனுசியின் படம். பொட்டு யாரோ வைத்தது. எல்லாம் விளங்கியும் மனம் அதைக் கேட்கிற பாடாக இல்லை. அம்மாவுக்குத் தலை நரைத்துவிட்டது. அம்மா கிழவியாகி, முற்றத்தில் இருந்து வாய் ஓயாமல் கதைக்கிறாள். சாகாமல் இருந்திருந்தால் எப்படி இருப்பாள் என்று சின்ன வயதில் இருந்து ஏங்கின ஏக்கத்துக்கு யாரோ இரங்கி ஒரு திரையில் போட்டுக் காட்டின மாதிரி இருந்தது. அப்படியொரு சந்தோசம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. தனக்கு உரிமை இல்லாத சந்தோசம் என்று தெரிந்தே அதை அனுபவித்தாள்.

பிறகுதான் மாலை நினைவுக்கு வந்தது. திக்கென்றது. வருடா வருடம் திவசத்துக்கு அந்தப் படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, ஊதுபத்தி காட்டி, ஐயரை வைத்து மோட்சத்துக்கு அனுப்புகிறோமே! அந்த மனுசி மோல்டாவியாவில் உயிரும் சதையுமாக முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறாளே! உயிரோடு இருக்கிறவளின் படத்துக்குத் தவறிக்கூட மாலை போட விடாத சாதியில் பிறந்துவிட்டு, ஒருத்திக்கு ஐம்பது வருடமாகவா திவசம் செய்தோம்?

நேரே மனோர் பார்க்குக்குப் போனாள்.

கார்த்திகேசு முன்னறையில் உருப்பெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேப்பர் வாசித்தபடி இருந்தார். எண்பத்து மூன்று வயது. காது கூர்மை, முழங்கால்தான் சரியில்லை. தலைக்கு மேலே சுவரில் படம். திவசத்துக்கு நாள் நெருங்கியதால் படத்தைத் துடைத்துப் புதுப் பொட்டும் வைத்திருந்தார்கள். பவித்திரன் பானரை நிலத்தில் விரித்து, ஓட்டை குத்திக் கயிறு கோத்துக்கொண்டிருந்தான்.

தவமலர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா, அம்மா உயிரோடை இருக்கிறா."

"ஆர்?"

போனில் எடுத்து வந்த படங்களைக் காட்டினாள். முதலில் ஓவியம், பிறகு கிழவி. கார்த்திகேசு உருப்பெருக்கியை எடுத்துப் போனுக்கு மேலே பிடித்தார். வெகுநேரம் பிடித்தார்.

"கிழடாப் போனாள் என்ன?" என்றார் கடைசியில். "பேர் என்னவாம்?"

"பரஸ்கோவியா."

"பேரும் இருந்திருக்கு." கிழவர் பேப்பரை நாலாக மடித்து ஓரமாக வைத்தார். "எனக்கு அந்த நாளிலை தெரியாது, பிள்ளை. அதிலை பேர் போடேல்லை. புகையிலை கோர்க்கிற பெண் எண்டு மட்டுந்தான் போட்டிருந்தது."

"அப்பா!" பவித்திரன் பானரை விட்டு எழும்பினான். "அப்ப இதிலை நான் ஆரை அடிச்சு வைச்சிருக்கிறன்?"

"மோல்டாவியாக்காரியை" என்றாள் தவமலர்.

"இருபதடிக்கு அடிச்சிருக்கிறன் அக்கா!"

"நீ கொஞ்சம் பொத்திக்கொண்டு இரு."

கார்த்திகேசு மறைக்கவில்லை. இத்தனை வருடம் யாராவது கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பார் போல, நிதானமாகச் சொன்னார். பவளக்கொடியை அவர் கூட்டிக்கொண்டு வந்தது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத சங்கதி, ஆனாலும் அவருடைய தாயின் வீட்டில்தான் இருந்தார்கள். கலியாணப் படம் இல்லை. வேறு படம் எடுக்க வசதியும் இல்லை, எடுப்போம் எடுப்போம் என்று இருக்கையில் ஆளும் இல்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்குப் படம் வைக்க வேண்டும். தவமலர் அம்மா எங்கே, அம்மா எங்கே என்று சோறு தின்ன மாட்டேன் என்கிறாள். அந்த மாதத்துச் சஞ்சிகையைப் பிரித்தால் நடுப்பக்கத்தில் ஒருத்தி, தலையில் துண்டு கட்டி, பவளக்கொடியின் சாடையில் புகையிலை கோர்த்துக்கொண்டு இருக்கிறாள்.

"சாடைதான், கொஞ்சச் சாடை. ஸ்ரூடியோக்காரனிட்டைக் கொண்டு போனன். முகத்தை மட்டும் எடுத்துப் பெருப்பிச்சுத் தந்தான். பொட்டையும் அவனே வைச்சுவிட்டான். கொண்டுவந்து உன்னட்டைக் காட்டினன். நீ பார்த்த உடனை அம்மா எண்டாய். எண்டுபோட்டுச் சோறு திண்டாய்."

"ஊரிலை ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"பிறகு கிளிநொச்சிக்கு வந்திட்டம். அங்கை அவளைக் கண்ட ஆக்கள் ஆர் இருக்கினம்? சொந்தக்காரர் கண்டினம். பாவம் எண்டு பேசாமல் விட்டினம்."

தவமலர் கோபப்படத்தான் வந்தவள். தான் சோறு தின்ற கதையைக் கேட்டதும் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதிரையை இழுத்துத் தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், அதைக் கேட்டாள்.

"சரி அப்பா. அப்ப அம்மா எப்பிடி இருப்பா?"

கார்த்திகேசு கண்ணை மூடினார். மூடின இமைக்குள் கண் அங்குமிங்கும் தேடுவது தெரிந்தது.

"கட்டை" என்றார். "கட்டையான ஆள். கறுப்பு." பிறகு கண்ணைத் திறந்து, சுவரைக் காட்டினார். "கண்ணை மூடினா உந்த முகந்தான் வருது, பிள்ளை. எத்தினையோ வருசமா உதுதான் வருது. அவளைக் காணேல்லை."

படம் பொய் என்றால் பரவாயில்லை, உண்மை முகம் இந்தக் கிழவருக்குள் எங்கேயோ பத்திரமாக இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தவமலர் ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். உலகத்தில் பவளக்கொடியின் முகம் இருந்த கடைசி இடம் அந்த மண்டைதான். அங்கேயும் மோல்டாவியாக்காரி குடிவந்துவிட்டாள்.

"என்ன மனிசனப்பா நீங்கள்?" என்று கத்தினாள். "உங்கடை பெண்சாதியின்ரை முகம் உங்களுக்கு மறக்குமோ? வேறை ஒருத்தியைக் கொண்டுவந்து மாட்டினா மறக்காமல் என்ன செய்யும்!" சொன்ன பிறகு அழுகை வந்தது. தகப்பனும் அழுதார். கிழவர்கள் அழுவது பார்க்க நல்லாயிராது. பவித்திரன் அவசரமாகத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டான்.

அழுது ஓய்ந்த பிறகு கார்த்திகேசு கதிரைப் பிடியை ஊன்றி எழும்பினார். முழங்காலோடு மல்லாடி, சுவரை எட்டி, படத்தைத் தன் கையாலேயே கழற்றினார். கண்ணாடிமேல் வைத்த புதுப் பொட்டை விரலால் தேய்த்து எடுத்தார். "உயிரோடை இருக்கிற மனிசிக்கு இனி மாலை போட ஏலாது. பாவம், அவளுக்கு ஆயுள் கெட்டி எண்டபடியால் தப்பினாள்." ஞாயிற்றுக்கிழமைக்குப் படம் வேண்டாம், விளக்கு மட்டும் போதும் என்று முடிவாகிற்று. பவித்திரன் பானரைச் சுருட்டும்போது முனகின முனகலுக்குக் கணக்கில்லை.

தவமலர் போக எழும்பினாள்.

"பிள்ளை" என்று கூப்பிட்டார் தகப்பன். "என்னை அங்கை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியே?"

"எதுக்கு?"

"அந்த மனிசியைப் பார்க்கவேணும். இத்தினை காலமும் என்ரை வீட்டிலை இருந்தவளல்லோ."

கூட்டிக்கொண்டு போகத் தவமலருக்கு மனமில்லை. ஆனால் கிழவர் விடவில்லை. மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். திவசத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை, சக்கர நாற்காலியில் வைத்து ஆற்றங்கரை வழியே தள்ளிக்கொண்டு போனாள். நல்ல வெயில். தண்ணீரின் மினுக்கம் பாலத்தின் அடிவயிற்றில் ஆடியது. படகுகள் சத்தமில்லாமல் போயின.

சிலைகளின் அறைக்குள் போனதும் கார்த்திகேசு நாற்காலியிலேயே நிமிர்ந்து இருந்தார். பழைய கட்சிக்காரன் அல்லவா, தோழர்களைக் கண்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. கொல்லனின் சுத்தியலை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவையின்ரை கையைப் பார்த்தியே. எங்களுக்கு ஆருக்கும் இப்பிடிக் கை இருந்ததில்லை. ஆனா இருக்கவேணும் எண்டு நினைச்சம்" என்றார். ஓவியத்துக்கு முன்னால் போனதும் அப்படியே அடங்கிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். கைகளைப் பார்த்தார். முகத்துக்கு வந்ததும், இத்தனை வருடம் பழகிய முகம், மெல்லத் தலையை ஆட்டினார். அவருக்கும் மனைவியைக் கண்ட மாதிரித்தான் இருந்தது. அது தவமலருக்குத் தெரிந்தது. கூட்டி வந்தது வீண் என்று நினைத்தாள்.

நாற்காலியைத் திரையின் பக்கம் திருப்பினாள். கிழவி கதைக்கத் தொடங்கினாள். வெள்ளைச் சட்டைக் கதை, பிசின் கதை, புண் கதை. தவமலர் ஒவ்வொன்றையும் தகப்பனின் காதுக்குள் தமிழில் சொன்னாள். கார்த்திகேசு முன்னால் குனிந்து அந்த வாயையே பார்த்தார். கிழவி தலையைப் பின்னால் எறிந்து, வாயை அகலத் திறந்து சிரித்தாள்.

"இல்லை" என்றார் கார்த்திகேசு.

"என்னப்பா?"

"இவள் இல்லை." குரல் சடாரென்று மாறியிருந்தது. யாரோ அவரிடம் பொய் சொன்ன மாதிரி, கொஞ்சம் கோபமாக. "இவள் வேறை ஆள். பவளம் இப்பிடிச் சிரிக்க மாட்டாள்."

சுவரில் அசையாமல் இருந்தவரை அந்த முகம் யாருடையதாகவும் இருந்திருக்கலாம். அசைந்து, சத்தம் போட்டுச் சிரித்ததும் அது பரஸ்கோவியாவுடையதாகிவிட்டது. கிழவருக்குள் அது குடியிருந்த இடம் அந்தக் கணமே காலியானது. பெலத்துக் கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயந்து தவமலர், நாற்காலிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, மெல்லக் கேட்டாள்.

"அப்ப அம்மா எப்பிடிச் சிரிப்பா?"

"சத்தம் வராது. மாமியாருக்குக் கேட்டுப்போடும் எண்டு சத்தம் காட்டாமல் சிரிச்சுப் பழகினவள். பல்லும் கொஞ்சம் மிதப்பு, அதை ஒளிக்கிறது. இப்பிடி..."

கார்த்திகேசு சொல்லை விட்டுவிட்டுச் செய்து காட்டினார். தலையைக் குனிந்தார். மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடி, அது முடியாமல் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஒரு கண் சுருங்கியது, மற்றக் கண் குறும்பாக மேலே பார்த்தது. தோள் இரண்டும் சத்தமில்லாமல் குலுங்கின. நரைத்த தாடி முட்கள் விட்ட, எண்பத்து மூன்று வயது ஆம்பிளை முகத்தில், இருபத்து நாலு வயதுப் பெண்ணொருத்தி மாமியாருக்குத் தெரியாமல் சிரித்தாள்.

கொஞ்ச நேரந்தான். பிறகு அது போய்த் தகப்பனின் முகம் மட்டும் மிஞ்சியது.

தவமலர் அவருடைய முழங்கால்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்காச் சிரியுங்கோ, அப்பா."